வாசலைப் பிடிச்சவன்: ஒரு ரிஸ்க் பைனலும் கற்பிட்டிக் கோட்டையும்

போன லீவில எங்கட பெச் பொடியன்மார் சேர்ந்து ஒன்லைனில ஒரு ரிஸ்க் டோர்னமென்ட் வைச்சாங்க. 16 பேர், நாலு மேசை, ஒவ்வொரு மேசையிலும் வெல்ற ஆள் பைனலுக்கு. பரிசு என்னவென்றால், கெம்பஸ் திறந்ததும் தோத்த மூணு பேரும் வென்றவனுக்குக் கொத்து வாங்கிக் கொடுக்கோணும். அவ்வளவுதான்.

பைனல் நடந்த இரவு எலுவன்குளத்தில நல்ல மழை. கலா ஓயா பெருகி சப்பாத்துப் பாலத்துக்கு மேலால தண்ணி போகுது என்று பின்னேரமே கதை வந்திட்டுது. பாலம் மூடினா வில்பத்து ஊடாக மன்னார் பக்கம் போற பழைய வீதி அவ்வளவுதான், செத்த வீதி. எங்கட ஊரில பிறந்த எவனுக்கும் இது சின்ன வயசிலேயே விளங்கும்: எவ்வளவு பெரிய காடு இருந்தாலும், எவ்வளவு நீள வீதி இருந்தாலும், போக வர ஒரே ஒரு வாசல்தான் என்றால் அந்த வாசல்தான் முழு ஊரும்.

அந்த இரவு நான் வென்றேன். விறாந்தையில சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையில கதிரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் விளையாடி வென்றேன். வென்ற பிறகுதான் யோசிச்சேன், நான் விளையாடின விளையாட்டு எனக்குப் புதுசு இல்லை. அந்த செமஸ்டர் முழுக்க ஒல்லாந்தர் காலத்தைப் பற்றி வாசிச்சுக்கொண்டிருந்தேன். எங்கட களப்புக்கு அக்கரையில இருக்கிற கற்பிட்டியில அவங்க செய்ததைத்தான் நான் போனில செய்திருக்கேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் விளையாட்டு

தெரியாதவங்களுக்குச் சுருக்கமாகச் சொல்றேன். ரிஸ்க்கில உலக வரைபடம் ஒன்று இருக்கு. அதை 42 பிரதேசங்களாகவும் 6 கண்டங்களாகவும் பிரிச்சிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறம். உங்கட முறை வந்தா முதலில புதுப் படை கிடைக்கும், பிறகு பக்கத்துப் பிரதேசத்தைத் தாக்கலாம். யார் வெல்றது என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒரு கண்டத்தை முழுசாக வைச்சிருந்தா ஒவ்வொரு முறையும் போனஸ் படை. ஒரு முறையில குறைஞ்சது ஒரு பிரதேசத்தையாவது பிடிச்சா ஒரு கார்ட் கிடைக்கும். மூணு கார்ட் பொருந்தினா அதைக் கொடுத்துப் படை வாங்கலாம். கடைசியில ஒரு நிறம்தான் மிஞ்சும்.

இதைக் கண்டுபிடிச்சது ஒரு இராணுவ அதிகாரி இல்லை. அல்பேர் லமொரிஸ் என்ற பிரெஞ்சு சினிமா இயக்குநர். ஒரு சின்னப் பொடியனும் ஒரு சிவப்பு பலூனும் பாரிஸ் தெருக்களில் திரியிற படத்தை 1956ல எடுத்து உலகமெல்லாம் பெயர் வாங்கினவர். அடுத்த வருஷம், 1957ல, 'உலகத்தைக் கைப்பற்றுதல்' என்ற அர்த்தம் வாற பெயரில இந்த விளையாட்டை பிரான்ஸில வெளியிட்டார். 1959ல அமெரிக்காவில பார்க்கர் பிரதர்ஸ் கம்பனி அதை 'ரிஸ்க்' என்று விற்கத் தொடங்கிச்சு. லமொரிஸ் 1970ல ஈரானில படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஹெலிகொப்டர் விபத்தில இறந்தார்.

வெளிவந்த காலத்தைக் கவனியுங்க. பிரான்ஸ் 1954ல வியட்நாமை விட்டு வெளியேறிட்டுது, அல்ஜீரியாவில சண்டை நடந்துகொண்டிருந்தது. உண்மையான பேரரசு கைநழுவிப் போற நேரத்தில, வீட்டு மேசைக்கு மேல ஒரு பேரரசு வந்து சேர்ந்திருக்கு. அந்த வரைபடத்தில இலங்கை தனிப் பிரதேசமே இல்லை. இந்தியா என்று ஒரே ஒரு பெட்டி. எங்கட தீவை யாரும் பிடிக்கவும் ஏலாது, காப்பாற்றவும் ஏலாது.

பாடம் ஒன்று: நிலத்தை எண்ணாதே, வாசலை எண்ணு

புதுசாக விளையாடுற எல்லாரும் செய்யிற பிழை ஒன்று இருக்கு. ஆசியாவைப் பார்த்து ஆசைப்படுறது. ஆசியாவுக்கு போனஸ் 7. எல்லாத்திலும் பெரிசு. ஆனா ஆசியாவில 12 பிரதேசம் பிடிக்கோணும், அதை வெளியிலிருந்து தாக்கக்கூடிய வாசல்கள் 5. ஒரு வாசலுக்கு ஒன்றரைப் படை கூடக் கிடைக்காது. ஐரோப்பாவுக்கு போனஸ் 5, வாசல் 4. வட அமெரிக்காவுக்கு போனஸ் 5, வாசல் 3. ஆபிரிக்காவுக்கு 3க்கு 3. தென் அமெரிக்காவுக்கு 2க்கு 2. அவுஸ்திரேலியாவுக்கு போனஸ் வெறும் 2தான், ஆனா வாசல் ஒன்றே ஒன்று. இந்தோனேசியாவிலிருந்து சியாமுக்குப் போற அந்தக் கோடு மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தா சின்னக் கண்டம்தான் வாசலுக்கு ஆகக் கூடுதலாகக் கொடுக்குது. அதனால மூணாவது சுற்றுக்குள்ளேயே நான் அவுஸ்திரேலியாவை எடுத்திட்டேன். எடுத்த பிறகு படையை இந்தோனேசியாவில குவிக்கேல்லை. ஒரு படி வெளியே போய் சியாமில குவிச்சேன். அதில இரண்டு வேலை நடக்கும். என்ட வீட்டு வாசலுக்கு அது காவல். அதே நேரம் ஆசியாவை முழுசாகப் பிடிக்க நினைக்கிற எவனுக்கும் அது தொண்டையில மாட்டின முள். சியாம் இல்லாம ஆசியா முழுமையாகாது, போனஸ் 7 யாருக்கும் போகாது.

இப்ப வரைபடத்தை மாத்துங்க. புத்தளம் களப்பைப் பாருங்க. மேற்கே கற்பிட்டிக் குடா நாடு ஒரு விரல் மாதிரி வடக்கே நீண்டுகொண்டு போகுது. கிழக்கே புத்தளம், அதுக்கு வடக்கே எங்கட எலுவன்குளம், கலா ஓயா கடலில சேர்ற கங்கேவாடி. களப்பின்ட வாய் வடக்குப் பக்கம். வெளிக்கடலிலிருந்து புத்தளத்துக்கு வர்ற தோணி அந்த வாயால உள்ளே வந்து, கற்பிட்டியைத் தாண்டித்தான் போகோணும்.

17ஆம் நூற்றாண்டில கண்டி இராச்சியத்துக்குக் கடல் என்றால் அதில முக்கியமான ஒன்று இந்தக் களப்புத்தான். மலைநாட்டிலிருந்து பாக்கு பொதிமாடுகளில இறங்கி வரும். இங்கிருந்து தோணியில தென்னிந்தியக் கரைக்குப் போகும். அங்கிருந்து துணி வரும். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறும். உப்பு இல்லாம மலைநாட்டில ஒரு மாசம் கூடச் சமாளிக்க ஏலாது. புத்தளம் என்றால் இன்றைக்கும் உப்புத்தானே.

ஒல்லாந்தர் என்ன செய்தாங்க? புத்தளத்துக்குப் படை எடுக்கேல்லை. கலா ஓயா வழியாகக் காட்டுக்குள்ள ஏறவும் இல்லை. 1667ல கற்பிட்டியில கோட்டை கட்டத் தொடங்கி 1676ல முடிச்சாங்க. கோட்டை சின்னது. கொழும்பு, காலிக் கோட்டைகளோட ஒப்பிடவே ஏலாது. ஆனா அது நின்ற இடம்தான் விஷயம். களப்புக்குள்ள வர்ற போற தோணியை அங்கிருந்து பார்க்கலாம், நிறுத்தலாம், சோதிக்கலாம். பாக்கு வியாபாரம் கம்பனி சொல்ற விலைக்கு நடக்கோணும் என்று கட்டாயப்படுத்தலாம். கண்டி அரசர்கள் பிறகு காலம் காலமாகப் புத்தளம், சிலாபம் துறைகளைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்ததிலிருந்து அந்தச் சின்னக் கோட்டை எவ்வளவு வலிச்சது என்று விளங்கும்.

என்ட சியாம், ஒல்லாந்தர்ட கற்பிட்டி. இரண்டும் ஒரே யோசனை. உன்ட வீட்டைக் காக்கிற அதே படையால அடுத்தவன்ட போனஸை உடை.

பாடம் இரண்டு: இஞ்சி கொடுத்து மிளகாய்

வாசலைப் பிடிச்சா மட்டும் போதாது. நாலு பேர் விளையாடும்போது இரண்டு பேருக்கிடையில நடக்கிற எந்தச் சண்டையும் மற்ற இரண்டு பேருக்கு இலாபம். அதனால எல்லாரும் சட்டில கதைச்சு ஒப்பந்தம் போடுவாங்க. "நீ அவனை அடி, நான் உன்னைத் தொடமாட்டேன்."

போன வருஷ டோர்னமென்ட்டில நான் முதல் சுற்றிலேயே வெளியேறினது இந்த இடத்திலதான். தென் அமெரிக்கா என்ட கையில. ஆபிரிக்காவில கறுப்பு பலமாக இருந்தான். ஐரோப்பாவில இருந்த மஞ்சளிடம் சொன்னேன்: "வட ஆபிரிக்காவுக்குள்ள இறங்கி அவன்ட போனஸை உடை, நான் பிரேசிலில சும்மா இருப்பேன்." மஞ்சள் நல்லா இறங்கினான். கறுப்பை அடிச்சுத் துரத்தினான். ஆனா திரும்பிப் போகேல்லை. முழு ஆபிரிக்காவையும் எடுத்து, மூணு போனஸையும் வாங்கி, அடுத்த இரண்டாவது முறையில வட ஆபிரிக்காவிலிருந்து நேராக பிரேசிலுக்கு வந்தான். நான் அழைச்சு வந்த ஆள்தான் என்னை முடிச்சான்.

இரண்டாம் இராஜசிங்கனுக்கு நடந்தது இதுதான். 1638 மார்ச்சில கன்னொருவையில போர்த்துக்கேயப் படையை அவன் நாசமாக்கினான். மலையில வெல்ல அவனால் ஏலும். ஆனா கரையோரக் கோட்டைகளைப் பிடிக்கக் கப்பலும் பீரங்கியும் வேணும், அது அவனிடம் இல்லை. அதே வருஷம் மட்டக்களப்பில ஒல்லாந்தரோட ஒப்பந்தம் செய்தான். ஒல்லாந்தர் கடலால வந்து போர்த்துக்கேயரைத் துரத்துவாங்க, அரசன் செலவைக் கறுவாவாகவும் மற்றப் பொருளாகவும் கொடுப்பான். பிடிச்ச கோட்டைகளில ஒல்லாந்தக் காவல் படை இருக்கோணுமா என்ற இடத்தில, 'அரசன் விரும்பினால்' என்ற பகுதி ஒல்லாந்தர்ட பிரதியில இல்லை. எங்கட சட்டில் அனுப்பின மெசேஜை ஒருத்தன் பாதி அழிச்சுப்போட்டு ஸ்கிரீன்ஷொட் காட்டின மாதிரி.

1640ல காலி விழுந்தது. அரசனுக்குக் கொடுக்கேல்லை. 1656 மே மாசம் கொழும்பு விழுந்தது. முற்றுகைக்கு அரசன்ட படையும் உதவி செய்தது. ஆனா கோட்டைக் கதவை அவனுக்குத் திறக்கேல்லை. 1658ல மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனதோட போர்த்துக்கேயர் ஆட்டத்தை விட்டே வெளியேறினாங்க. மேசையில மிஞ்சினது இரண்டு பேர். அதில ஒருத்தன்ட கையில எல்லா வாசலும்.

சிங்களத்தில ஒரு பழமொழி இருக்கு, இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின மாதிரி என்று. இந்தச் சம்பவத்தை வைச்சுத்தான் அதைச் சொல்லுவாங்க. இராஜசிங்கன் முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கு வேற வழி இருந்ததா என்று யோசிச்சா எனக்கே சந்தேகம். ஆனா விளையாடுறவனுக்கு ஒரு விதி இதில இருக்கு. ஒருத்தனைத் துணைக்குக் கூப்பிடும்போது, அவன் வென்ற பிறகு எந்த வாசலில நிற்பான் என்று முதலில பார். அந்த வாசல் உன்ட வீட்டைப் பார்த்து இருந்தா, கூப்பிடாதே.

இந்த முறை பைனலில மஞ்சள் என்னைக் கேட்டான், சேர்ந்து பச்சையை அடிப்பமா என்று. நான் 'பார்ப்பம்' என்று மட்டும் சொன்னேன். அவனும் நீலமும் தாங்களாகவே பச்சையை அடிச்சாங்க. நான் சியாமில அசையாம இருந்தேன்.

பாடம் மூன்று: பகடை தாக்குறவன் பக்கம், காடு தாங்குறவன் பக்கம்

காவல் இருக்கிறவனுக்குத்தான் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. ரிஸ்க்கில அது பிழை. தாக்குறவன் மூணு பகடை, தாங்குறவன் இரண்டு பகடை உருட்டினா, தாக்குறவன் இரண்டையும் வெல்ற வாய்ப்பு 37 வீதத்துக்குக் கொஞ்சம் மேல. தாங்குறவன் இரண்டையும் வெல்றது 29 வீதம் அளவில. மிச்சம் ஆளுக்கு ஒன்று. சரிசமனான பகடை எண் தாங்குறவனுக்குத்தான் போகும், அப்படியிருந்தும் பெரிய படையோட வர்றவன்தான் நீண்ட ஓட்டத்தில இலாபம் பார்ப்பான். அதேநேரம் ஒற்றைக்கு ஒற்றை உருட்டினா தாக்குறவன் வெல்றது 42 வீதத்தையும் எட்டாது. ஆகவே சின்னச் சின்னதாகத் தாக்காதே. சேர்த்து வைச்சு ஒரே அடியாக அடி.

இந்தக் கணக்கு சரி என்றால் கண்டி 1658க்குப் பிறகு பத்து வருஷம் கூடத் தாங்கியிருக்கக் கூடாது. ஆனா 150 வருஷத்துக்கு மேல தாங்கிச்சு. ஏன்?

விளையாட்டில ஒரு படை ஒரு பிரதேசத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அதுக்குச் சோறு வேணாம், காய்ச்சல் வராது. கண்டிக்குப் போன ஒவ்வொரு படைக்கும் இரண்டும் பிரச்சினை. 1765ல ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டி நகரத்துக்குள்ளேயே போயிட்டார். நகரம் வெறுமையாக இருந்தது. அரசனும் ஆக்களும் காட்டுக்குள்ள. பிடிக்கிறதுக்கு அங்கே எதுவும் இல்லை. படை திரும்ப வேண்டி வந்தது. 1803ல ஆங்கிலேயருக்கும் அதேதான். நகரத்தைப் பிடிச்சு, தங்கட ஆளை அரசனாக வைச்சு, ஒரு சின்னப் படையையும் விட்டுட்டுப் போனாங்க. நோயும் பசியும் வந்து, ஜூன் மாசத்தில அந்தப் படை சரணடைஞ்சு, பெரும்பாலும் கொல்லப்பட்டுது.

அதனால ஒல்லாந்தர் கடைசியில வென்றது சண்டையால இல்லை, வாசலாலதான். 1766 ஒப்பந்தத்தில தீவைச் சுற்றியிருக்கிற முழுக் கரையும் கம்பனிக்கு என்று கண்டி அரசன் ஒத்துக்கொண்டான். பதிலுக்கு அவன்ட குடிமக்கள் கரையில உப்பு எடுத்துக்கொள்ளலாம். ஒரு அரசன் தன்ட சனத்துக்கு உப்பு எடுக்க இன்னொருத்தனோட ஒப்பந்தம் போட வேண்டிய நிலைமை. கற்பிட்டிக் கோட்டையில தொடங்கின கதை அந்தக் காகிதத்தில வந்து முடிஞ்சது.

பாடம் நான்கு: தோக்கிறவன்ட கார்ட்

இனி பைனலின்ட கடைசிக் கட்டம். ஒன்பதாவது சுற்று. பச்சை ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்டு மூணே மூணு இடத்தில நிற்கிறான்: ஆப்கானிஸ்தானில 3, யூரலில 2, உக்ரைனில 4. நீலமும் மஞ்சளும் அவனைக் கவனிக்கிறதை விட்டுட்டாங்க. செத்த பாம்பு என்று நினைச்சிருப்பாங்க. ஆனா பச்சையின்ட கையில 4 கார்ட் இருந்தது. என்ட கையிலும் 4.

இந்த விதியை மறக்காதீங்க: ஒருத்தனை முழுசாக முடிச்சா அவன்ட கார்ட் எல்லாம் உங்களுக்கு. அதோட கையில 6 அல்லது அதுக்கு மேல வந்தா, 4க்குக் கீழே அல்லது 4க்கு வரும்வரை அந்த இடத்திலேயே மாத்தோணும். 4ம் 4ம் 8. எட்டு என்றால் ஒரு செட் மாத்தினா 5, இன்னொன்று மாத்தினா 2. இரண்டு செட். எங்கட மேசையில அதுக்கு முதல் ஐந்து செட் மாத்தியிருந்தோம், ஆகவே ஆறாவது செட்டுக்கு 15, ஏழாவதுக்கு 20. மொத்தம் 35 படை, என்ட முறை முடியிறதுக்கு முதலே. பச்சையிடம் 3 கார்ட் இருந்திருந்தா 7தான் வந்திருக்கும், ஒரு செட்டோட நின்றிருக்கும். ஒரு கார்ட் வித்தியாசம்தான் எல்லாம். எனக்குப் பிறகு வர்ற மஞ்சளிடம் 5 கார்ட். அவன் முறை வந்தா அந்த 15 அவனுக்கு. ஆகவே இப்பவே.

சியாமில 18. புதுசாகக் கிடைச்ச 5ஐயும் அங்கேயே போட்டேன். சீனாவில நீலத்தின்ட ஒற்றைப் படை, அதைத் தட்டினேன். ஆப்கானிஸ்தான், யூரல், உக்ரைன். உக்ரைனில இரண்டு தரம் பகடை மோசமாக விழுந்து நெஞ்சு அடிச்சுது. முடிஞ்சது. 35 படை வந்தது. அடுத்த இரண்டு சுற்றில ஆட்டம் முடிஞ்சது.

ஆங்கிலேயர் இலங்கைக் கரையைப் பிடிச்ச விதமும் இந்த மாதிரித்தான். 1795ல பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள்ள புகுந்து, அந்த நாட்டின்ட தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடிட்டார். அங்கே கியூ என்ற இடத்திலிருந்து அவர் ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்குக் கடிதம் எழுதினார்: ஆங்கிலேயப் படையை உள்ளே விடுங்க. கொழும்பில ஒல்லாந்தருக்காக நின்ற டி மியூரன் என்ற சுவிஸ் கூலிப்படை பக்கம் மாறிச்சு. 1795 ஓகஸ்டில திருகோணமலை, செப்டெம்பரில யாழ்ப்பாணம், வருஷம் முடியிறதுக்குள்ள கற்பிட்டி, 1796 பெப்ரவரியில கொழும்பு. ஒல்லாந்தர் 150 வருஷமாகச் சேர்த்த கார்ட் எல்லாம் ஒரு சில மாசத்தில ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. ஐரோப்பாவில ஒருத்தன் விழுந்தான், கற்பிட்டிக் கோட்டையில கொடி மாறிச்சு. கோட்டைக்கு வெளியே மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவங்களிடம் யாரும் கேட்டிருக்கமாட்டாங்க.

கண்டியும் அப்படித்தான் போச்சு. 1803ல படையால எடுக்க ஏலாததை, 1815ல உள்ளேயிருந்தே எடுத்தாங்க. அரசனோட பகைச்ச எஹலேபொல ஆங்கிலேயர் பக்கம் போனார், பிரதானிகள் விலகினாங்க, பெரிய சண்டை இல்லாமலே மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. கடைசி அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832ல அங்கேயே இறந்தான்.

வரைபடத்தில இல்லாத ஒன்று

இவ்வளவும் வெல்றதைப் பற்றி. இனி ஒரு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன்.

அந்த இரவு பக்கத்து வீட்டுச் சாச்சி எங்கட வீட்டில இருந்தாங்க. அவங்கட வீட்டுக் கூரை ஒழுகினதால உம்மா கூப்பிட்டு வைச்சிருந்தா. நான் போனோட சண்டை பிடிக்கிறதைப் பார்த்து என்ன என்று கேட்டாங்க. காட்டினேன். சிவப்பு நான், பச்சை இவன், இந்த எண் எல்லாம் படை என்று. பச்சை முடிஞ்சு அவன்ட இடம் எல்லாம் சிவப்பாகும்போது சாச்சி கேட்டாங்க: "இதில ஈந்த ஆக்கள் எங்க போவாங்க?"

ஆக்கள் என்று இதில யாரும் இல்லை சாச்சி, படை மட்டும்தான் என்று சொன்னேன். அவங்க சரி என்று சொல்லிட்டு உம்மாவோட கதைக்கப் போயிட்டாங்க. கேலி பண்ணவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை.

சாச்சி மன்னார்ப் பெண். 1990 ஒக்டோபர் கடைசியில விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னாங்க. 70,000க்கு மேற்பட்ட ஆக்கள். மன்னார்த் தீவிலிருந்து நிறையப் பேர் வள்ளத்தில ஏறிக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினாங்க. ஒல்லாந்தர் காவல் காத்த அதே கரைதான். புத்தளம் மாவட்டம் முழுக்க அகதி முகாம்கள் வந்தன. சில மாசத்துக்கு என்று போட்ட ஓலைக் குடில்களில பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவங்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. என்னோட ஸ்கூலில படிச்சவங்களில எத்தனை பேருக்கு 'உன்ட ஊர் எது' என்ற கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது என்று இப்பதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ரிஸ்க்கில ஒரு பிரதேசத்தின்ட நிறம் மாறுறதுக்கு அரை செக்கன். வரலாற்றுப் புத்தகத்தில ஒரு வரி. நான் மேலே எழுதினதையே பாருங்க: "1656ல கொழும்பு விழுந்தது." அதுக்குப் பிறகு இராஜசிங்கன் கோபத்தில கொழும்பைச் சுற்றியிருந்த ஊர்களை அழிச்சு, சனத்தை மலைநாட்டுக்குக் கொண்டுபோனான். அதை நான் பாடம் இரண்டில எழுதேல்லை. எழுதியிருந்தா உவமை குழம்பியிருக்கும். வரலாற்றை விளையாட்டு மாதிரிப் படிக்கிறதில வர்ற ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். யார் எந்த வாசலைப் பிடிச்சான் என்பது தெளிவாக விளங்கும். அந்த வாசலால தலையில மூட்டையோட யார் போனாங்க என்பது கண்ணில படாமலே போயிடும்.

விளையாடுறதை நிறுத்தச் சொல்லேல்லை, நானும் நிறுத்தமாட்டேன். கற்பிட்டியில ஏன் கோட்டை என்பதை லெக்சர் நோட்டில வாசிச்சபோது விளங்காதது, சியாமில படை குவிச்சபோது விளங்கிச்சு. அது உண்மை. ஆனா வரலாறு படிக்கிற நாங்க ஒரு கட்டுரை எழுதும்போது சாச்சி கேட்ட கேள்வியையும் அதில வைக்கப் பழகோணும். கோட்டை யாருக்கு என்று எழுதின பிறகு, துறை மூடின வருஷம் பாக்குக்காரனும் தோணிக்காரனும் என்ன செய்தாங்க என்று தேடோணும்.

கற்பிட்டிக் கோட்டை இப்ப கடற்படையின்ட கையில. வாசல் இன்னும் வாசலாகவே இருக்கு. சப்பாத்துப் பாலத்துக்கு மேல போன தண்ணி பிறகு வடிஞ்சுது. கொத்துக் கடன் இன்னும் வரேல்லை. மஞ்சள், நீலம், பச்சை மூணு பேரும் இதை வாசிப்பாங்க என்று தெரியும். கெம்பஸ் திறந்திட்டுது, மறக்க வேணாம்.